கூலிக்குக் காவலாக ஒரு காகிதம்: லியன் நோட்டீஸ் சேவை ஒன்றைப் பயன்படுத்திய அனுபவம்

கலிஃபோர்னியாவின் அலமீடா கவுண்டியில் நானும் என் கணவரும் சிறிய மின்பணி ஒப்பந்த நிறுவனம் ஒன்றை நடத்திவருகிறோம். மின்பணிக்கான சி-10 உரிமம் அவருடையது. கம்பி இழுப்பது, பேனல் மாற்றுவது, நகராட்சி ஆய்வாளரிடம் ஒப்புதல் வாங்குவது எல்லாம் அவர் பொறுப்பு. இன்வாய்ஸ் அனுப்புவதும், வர வேண்டிய பணத்தைக் கேட்டு வாங்குவதும், தபாலும் கோப்பும் என் பொறுப்பு. பெரும்பாலான வேலைகளில் நாங்கள் சப் காண்ட்ராக்டர்கள். வீட்டு உரிமையாளரோடு எங்களுக்கு ஒப்பந்தம் கிடையாது. முழு வேலையையும் ஒப்புக்கொண்ட ஜெனரல் காண்ட்ராக்டருக்கு அவர் பணம் தர வேண்டும், ஜெனரல் காண்ட்ராக்டர் எங்களுக்குத் தர வேண்டும். இப்படிப்பட்ட நிலையில் உள்ளவர்களுக்காக லியன் தொடர்பான நோட்டீஸ்களைத் தயாரித்து அனுப்பித் தரும் ஆன்லைன் சேவை ஒன்றை நான் 2 ஆண்டுகளுக்கு மேலாகப் பயன்படுத்திவருகிறேன். அதைப் பற்றியதுதான் இந்த மதிப்புரை. குறைகளையும் சொல்லப்போவதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இத்தகைய சேவை எதை எடுத்தாலும், கட்டணம் செலுத்துவதற்கு முன் எதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு என் அனுபவம் உதவும் என்று நம்புகிறேன்.

முதலில் லியன் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். மெக்கானிக்ஸ் லியன் என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மில் பலருக்குக் கார் பழுது பார்க்கும் கடைதான் நினைவுக்கு வரும். பழைய ஆங்கில வழக்கில் மெக்கானிக் என்றால் கைத்தொழில் செய்பவர் என்று பொருள். தச்சர், கொத்தனார், வண்ணம் பூசுபவர் எல்லாரும் அதில் அடக்கம். ஒரு நிலத்தில் உழைப்பையோ பொருளையோ போட்டவருக்குப் பணம் வராவிட்டால், அந்த நிலத்தின் மீதே அவருக்கு ஒரு பற்றுரிமை உண்டு என்பதுதான் இந்தச் சட்டத்தின் சாரம். அதைக் கவுண்டியின் ரெக்கார்டர் அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டால், நம் ஊரில் வில்லங்கச் சான்றிதழில் ஒரு கடன் ஏறி நிற்பதைப் போல அந்தச் சொத்தின் பதிவேட்டில் அது ஏறி நிற்கும். அதைத் தீர்க்காமல் வீட்டை விற்பதும் கடினம், புதிய கடன் வாங்குவதும் கடினம். தலைநகரான வாஷிங்டன் நகரத்தைக் கட்டியெழுப்ப வேண்டியிருந்த காலத்தில், 1791இல் மேரிலாந்து மாநிலம் இயற்றிய சட்டத்திலிருந்து அமெரிக்காவில் இந்த வழக்கம் தொடங்குகிறது. கலிஃபோர்னியாவில் இதற்குக் கூடுதல் மதிப்பு உண்டு: உழைத்தவரின் இந்த உரிமை 1879ஆம் ஆண்டு மாநில அரசமைப்பிலேயே எழுதப்பட்டது, இன்றும் அதன் 14ஆம் உறுப்பின் 3ஆம் பிரிவாக இருக்கிறது. எங்களைப் போன்ற சிறிய நிறுவனத்தின் கூலிக்கு அரசமைப்பே துணை நிற்கிறது என்று முதன்முதலாகப் படித்த அன்று எனக்கு உண்மையாகவே மனம் நிறைந்தது.

இந்தியாவிலிருந்து வந்த எனக்கு இது புதிதாகவும் இருந்தது. அங்கே 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு, செய்த வேலைக்குக் கூலி வரும்வரை பொருளைத் தன் கையில் நிறுத்திவைக்கும் உரிமையைக் கைவினைஞருக்குத் தருகிறது. பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தையும் தைக்கக் கொடுத்த துணியையும் அந்தச் சட்டமே எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. ஆனால் பிறர் வீட்டுச் சுவருக்குள் ஓடும் கம்பியை யார் கையில் நிறுத்திவைக்க முடியும்? வேலை முடிந்த நொடியில் அது நிலத்தோடு சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் உரிமையையும் நிலத்தின் மீதே வைக்க வேண்டியிருக்கிறது.

இந்த உரிமை தானாகக் கைக்கு வந்துவிடாது. கலிஃபோர்னியா சிவில் சட்டத் தொகுப்பின் 8200ஆம் பிரிவின்படி, சப் காண்ட்ராக்டரோ பொருள் வழங்குபவரோ முதலில் முன்னறிவிப்பு நோட்டீஸ் ஒன்றை நில உரிமையாளருக்கும், ஜெனரல் காண்ட்ராக்டருக்கும், கட்டுமானக் கடன் கொடுத்த வங்கி இருந்தால் அதற்கும் கொடுத்திருக்க வேண்டும். வேலையைத் தொடங்கிய 20 நாளுக்குள் கொடுத்தால் முழு வேலைக்கும் பாதுகாப்பு கிடைக்கும். தாமதமாகக் கொடுத்தால் உரிமை அடியோடு போய்விடாது. நோட்டீஸ் கொடுத்த நாளுக்கு முந்தைய 20 நாளில் செய்த வேலையும் அதற்குப் பிறகு செய்யும் வேலையும் மட்டுமே அதில் அடங்கும். மின்பணியில் இந்த வேறுபாடு பெரியது. சுவர் மூடப்படுவதற்கு முன்பே குழாயும் கம்பியும் பெட்டியும் போட்டு முடித்துவிடுகிறோம். உழைப்பில் பெரும்பகுதியும் பொருள் செலவில் பெரும்பகுதியும் முதல் சில வாரங்களிலேயே போய்விடும். சுவிட்சும் விளக்கும் மாட்டும் கடைசிக் கட்டத்தில் பணம் வரவில்லையே என்று விழித்துக்கொண்டு நோட்டீஸ் அனுப்பினால், காப்பாற்றக் கிடைப்பது அந்தச் சுவிட்சுகளின் கூலி மட்டும்தான். உரிமையாளரோடு நேரடி ஒப்பந்தம் உள்ளவருக்கு இந்தக் கெடுபிடி குறைவு. கட்டுமானக் கடன் கொடுத்தவர் இருந்தால் அவருக்கு மட்டும் அனுப்பினால் போதும்.

இந்த முன்னறிவிப்பு நோட்டீஸ் வேலையில் நான் பயன்படுத்தும் சேவை மிகச் சிறந்தது என்று தயக்கமில்லாமல் சொல்வேன். மனையின் முகவரியை உள்ளிட்டால், கவுண்டிப் பதிவேடுகளைத் தேடி உரிமையாளர் பெயரையும் மனை எண்ணையும் எடுத்துத் தருகிறது. ஹேவர்டில் நாங்கள் எடுத்த வேலை ஒன்றில், ஜெனரல் காண்ட்ராக்டர் கொடுத்த தாளில் ஒரு கணவன் மனைவியின் பெயர் இருந்தது. பதிவேட்டில் வீடு அவர்களுடைய குடும்ப அறக்கட்டளையின் பெயரில் இருந்தது. கட்டுமானக் கடன் எதுவும் இல்லை என்று எங்களிடம் சொல்லியிருந்தார்கள். ஆனால் வேலை தொடங்குவதற்கு முந்தைய மாதம் ஒரு வங்கி பதிவு செய்திருந்த கடன் பத்திரத்தை இந்தச் சேவை கண்டுபிடித்து, வங்கியையும் பெறுநர் பட்டியலில் சேர்த்தது. நானே தட்டச்சு செய்து அனுப்பியிருந்தால் அந்த வங்கிக்கு நோட்டீஸ் போயிருக்காது. ஒரு வேலைக்கு 39 டாலர் கட்டணம். அனுப்பியதற்குச் சான்று தரும் சர்டிஃபைட் மெயிலில் அனுப்பிய செலவும் அதில் அடக்கம். அனுப்பிய நாளும், தபால் எண்ணும், அனுப்பியவரின் உறுதிமொழியும் ஒரே கோப்பாக என் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. நாளை வழக்கென்று வந்தால், நோட்டீஸ் அனுப்பினோம் என்பதற்கான சான்று அதுதான்.

நோட்டீஸ் அனுப்பினால் ஜெனரல் காண்ட்ராக்டர் கோபித்துக்கொள்வாரே, அடுத்த வேலை தரமாட்டாரே என்ற அச்சம் எங்களுக்கும் இருந்தது. முதல் சில ஆண்டுகள் அந்த அச்சத்தினாலேயே அனுப்பாமல் இருந்தோம். ஆனால் சட்டம் வகுத்துள்ள வாசகத்தை முழுவதும் படித்தால் அச்சத்துக்கு இடமில்லை. இந்த நோட்டீஸ் சட்டப்படி அனுப்ப வேண்டியது என்றும், காண்ட்ராக்டரின் பண நிலையைக் குறித்து எதையும் சொல்ல வந்ததல்ல என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. காண்ட்ராக்டருக்கு முழுப் பணமும் கொடுத்துவிட்ட பிறகும்கூட வீட்டின் மீது லியன் வரலாம் என்பதால், பணம் தரும்போது கையெழுத்திட்ட விடுவிப்புத் தாளை உரிமையாளர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்ற அறிவுரையும் அதில் உண்டு. அதாவது அது உரிமையாளரையும் காக்கும் தாள். இந்தச் சேவை, நோட்டீஸுடன் நாமே எழுதிய சிறு கடிதம் ஒன்றை இணைக்க இடம் தருகிறது. நான் எழுதும் கடிதத்தில், எங்கள் எல்லா வேலைகளுக்கும் இதை அனுப்புவது எங்கள் வழக்கம் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு எங்களை விட்டு விலகிய காண்ட்ராக்டர் ஒருவர்கூட இல்லை. அனுபவமுள்ள ஜெனரல் காண்ட்ராக்டர்கள் இந்தத் தாளை எதிர்பார்த்தே இருக்கிறார்கள்.

அடுத்து, வெய்வர் என்று எல்லாரும் சொல்லும் உரிமை விடுவிப்புத் தாள்கள். ஒவ்வொரு தவணைப் பணத்துக்கும் இதில் கையெழுத்துக் கேட்பார்கள். கலிஃபோர்னியாவில் இதற்கு 4 படிவங்களைச் சட்டமே வகுத்துவைத்திருக்கிறது: தவணைப் பணத்துக்கு இரண்டு, இறுதிப் பணத்துக்கு இரண்டு, ஒவ்வொன்றிலும் நிபந்தனை உள்ளது ஒன்று, நிபந்தனை இல்லாதது ஒன்று. நிபந்தனை உள்ள தாள், பணம் உண்மையில் கைக்கு வந்தால்தான் செல்லும். நிபந்தனை இல்லாத தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால், பணம் வராவிட்டாலும் அது நம்மைக் கட்டும். அந்த எச்சரிக்கை படிவத்தின் தலைப்பிலேயே இருக்கிறது. காசோலையைக் காட்டி நிபந்தனை இல்லாத தாளை நீட்டுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்தச் சேவையில் 4 படிவங்களும் சட்ட வாசகம் மாறாமல் இருக்கின்றன. அதைவிட முக்கியமாக, நிபந்தனை இல்லாத படிவத்தைத் தேர்ந்தெடுத்தவுடன் வங்கியில் பணம் வரவாகிவிட்டதா என்று கேட்டு, ஆம் என்று சொன்ன பிறகே அடுத்த பக்கத்துக்குப் போகவிடுகிறது. அந்த ஒரு கேள்விக்காகவே இதை வடிவமைத்தவர்களைப் பாராட்டுகிறேன். வேலைத்தளத்தின் நடைமுறை தெரிந்தவர் ஒருவர்தான் அதை அங்கே வைத்திருக்க முடியும்.

இதுவரை சொன்னவை எல்லாம் நிறைகள். 2024இல் யூனியன் சிட்டியில் நாங்கள் செய்த ஒரு வேலையில்தான் இந்தச் சேவையின் எல்லை தெரிந்தது. வீட்டுக்காரர் குடியிருந்துகொண்டே வீட்டைப் பெரிதாக்கினார். எங்கள் ஒப்பந்தம் 31,400 டாலர். பிப்ரவரியில் தொடங்கினோம், முன்னறிவிப்பு நோட்டீஸ் 4ஆம் நாளே போய்விட்டது. 18,000 டாலர் வந்தது. மே 2ஆம் தேதி கட்டுமானம் முழுவதும் முடிந்தது. மீதி 13,400 டாலருக்கு ஜெனரல் காண்ட்ராக்டர் இந்த வாரம், அடுத்த வாரம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். உரிமையாளரிடமிருந்து தவணை கிடைத்த 7 நாளுக்குள் சப் காண்ட்ராக்டரின் பங்கைத் தந்துவிட வேண்டும் என்றும், காரணமின்றித் தாமதித்தால் மாதத்துக்கு 2 சதவீதம் அபராதம் என்றும் மாநிலச் சட்டம் சொல்கிறது. ஆனால் அதை வாங்கக் காண்ட்ராக்டர் மீது வழக்குப் போட வேண்டும். அவர் கையில் பணம் இல்லாவிட்டால் தீர்ப்பு வந்தும் பயனில்லை. லியனின் வலிமையே அது ஆளை நம்பாமல் நிலத்தை நம்புவதுதான்.

சேவையின் முகப்புத் திரையில் எங்கள் வேலைக்கு எதிரே பச்சை நிறத்தில் ஒரு கெடு ஓடிக்கொண்டிருந்தது: லியன் பதிவுக்குக் கடைசி நாள் ஜூலை 31. மே 2லிருந்து 90 நாள் என்ற கணக்கு. நேரம் இருக்கிறது என்று நானும் நம்பினேன். ஆனால் 8414ஆம் பிரிவு முழுமையாகச் சொல்வது வேறு. சப் காண்ட்ராக்டர், தன் வேலையை நிறுத்திய பிறகு, கட்டுமானம் முடிந்த 90 நாளுக்குள், அல்லது வேலை முடிந்ததற்கான அறிவிப்பை உரிமையாளர் ரெக்கார்டர் அலுவலகத்தில் பதிவு செய்தால் அந்தப் பதிவிலிருந்து 30 நாளுக்குள், இரண்டில் எது முந்துகிறதோ அதற்குள் லியனைப் பதிவு செய்தாக வேண்டும். நேரடி ஒப்பந்தக்காரருக்கு அந்த 30 நாள் 60 நாளாக இருக்கும். பொதுவாக இப்படி ஓர் அறிவிப்பைப் பதிவு செய்யும் உரிமையாளர், முன்னறிவிப்பு நோட்டீஸ் கொடுத்தவர்களுக்கு 10 நாளுக்குள் அதைத் தெரிவிக்க வேண்டும். ஆனால் 4 குடியிருப்புகளுக்கு மேற்படாத, உரிமையாளரே குடியிருக்கும் வீடுகளுக்கு இந்தக் கடமை இல்லை. யூனியன் சிட்டி வீடு அப்படிப்பட்டது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

ஜூன் 5ஆம் தேதி, புதன்கிழமை, வேறொரு வேலைக்காக அலமீடா கவுண்டிப் பதிவேட்டின் அட்டவணையை இணையத்தில் தேடிக்கொண்டிருந்தபோது, இந்த உரிமையாளரின் பெயரையும் தட்டிப் பார்த்தேன். மே 13ஆம் தேதி வேலை முடிவு அறிவிப்பு பதிவாகியிருந்தது. விரல் விட்டு எண்ணினேன்: 30ஆம் நாள் ஜூன் 12. திரையிலோ இன்னும் ஜூலை 31 என்றே பச்சை நிறத்தில் இருந்தது. அன்றைக்கு அந்தப் பெயரைத் தட்டிப் பார்க்கத் தோன்றாமல் இருந்திருந்தால், 13,400 டாலருக்கான பற்றுரிமை ஒரு வாரத்தில் சத்தமில்லாமல் போயிருக்கும். கட்டணத் திட்டத்தின் விளக்கத்தில் கெடு கண்காணிப்பு என்று எழுதியிருந்ததை மீண்டும் படித்தேன். நாம் உள்ளிடும் தேதியிலிருந்து நாட்களை எண்ணுவதைத்தான் அவர்கள் கண்காணிப்பு என்கிறார்கள்; பதிவேட்டைப் பார்ப்பது அதில் சேராது. முதல் நாளன்று உரிமையாளர் பெயருக்காக அதே கவுண்டியின் பதிவேட்டைத் தேடும் நிறுவனம், கடைசிக் கட்டத்தில் அதைத் திரும்பத் தேடாமல் இருப்பது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. உரையாடல் பெட்டியில் கேட்டபோது பணிவாகப் பதில் தந்தார்கள். தாங்கள் வழக்கறிஞர் நிறுவனம் அல்ல, கெடுவுக்கு வாடிக்கையாளரே பொறுப்பு என்றார்கள். விதிமுறையில் அப்படித்தான் இருக்கிறது. அப்படியானால் திரையில் அந்தத் தேதியைப் பச்சை நிறத்தில் காட்டக் கூடாது. பதிவேட்டைச் சரிபார்க்கவும் என்ற ஒரு வரியையாவது அதன் கீழே எழுத வேண்டும்.

லியன் ஆவணத்தையும் இதே சேவையில்தான் தயாரித்தேன். 395 டாலர். ஆவணத்தின் அமைப்பில் பிழை இல்லை. கழிக்க வேண்டியதைக் கழித்த பிறகு வர வேண்டிய தொகை, உரிமையாளர் பெயர், செய்த வேலையின் தன்மை, எங்களை வேலைக்கு அமர்த்தியவர் பெயர், மனையின் விவரம், எங்கள் முகவரி, உரிமையாளருக்கான எச்சரிக்கை வாசகம், அவருக்கு நகல் அனுப்பியதற்கான உறுதிமொழி என்று சட்டம் கேட்கும் எல்லாம் இருந்தன. ஆனால் தொகையைக் கேட்கும் பக்கத்தில், தாமத வட்டி என்றும் வசூல் செலவு என்றும் கூடுதல் கட்டங்கள் இருந்தன. அவற்றை நிரப்பினால் லியன் தொகையில் தானாகக் கூடிவிடும். ஒப்பந்தத்தில் பேசிய விலை, செய்த வேலையின் நியாயமான மதிப்பு, இவற்றில் எது குறைவோ அதற்குத்தான் லியன் என்று சட்டம் சொல்கிறது. செய்யாத வேலையைத் தெரிந்தே சேர்த்துத் தொகையை ஏற்றினால் லியன் முழுவதையும் இழக்க நேரிடலாம். நான் அந்தக் கட்டங்களை வெறுமையாக விட்டு 13,400 என்று மட்டும் எழுதினேன். அவசரத்தில் இருப்பவர், கோபத்தில் இருப்பவர், அந்தக் கட்டங்களை நிரப்பாமல் விடுவாரா என்பது சந்தேகமே. லியன் போடும் நிலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் அந்த இரண்டு நிலையிலும்தான் இருப்பார்கள்.

பதிவையும் அவர்களே மின்வழியில் செய்து தருவார்கள். ஆனால் எத்தனை நாளாகும் என்று உறுதி தரவில்லை. அதனால் வியாழக்கிழமை உரிமையாளருக்கு சர்டிஃபைட் மெயிலில் நகலை அனுப்பிவிட்டு, வெள்ளிக்கிழமை காலை நானே ஓக்லாந்துக்குப் போனேன். லேக் மெரிட் பார்ட் ரயில் நிலையத்துக்கு அருகே, மாடிசன் தெரு 1106ஆம் எண் கட்டடத்தில் கவுண்டி ரெக்கார்டர் அலுவலகம் இருக்கிறது. உரிமையாளருக்கு நகல் அனுப்பிய சான்று இல்லாத லியனை நடைமுறைப்படுத்த முடியாது என்பதால், இந்த வரிசையை மாற்றக் கூடாது: முதலில் தபால், பிறகு பதிவு. பக்கங்களுக்கான வழக்கமான கட்டணத்தோடு, 2018 முதல் மாநிலம் வீட்டுவசதிக்காகச் சொத்து ஆவணங்கள் மீது விதித்துள்ள 75 டாலரையும் கட்டினேன். முத்திரையும் ஆவண எண்ணும் விழுந்த முதல் பக்கத்தைக் கையில் வாங்கியபோது தேதி ஜூன் 7; கெடுவுக்கு இன்னும் 5 நாள் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லும்போது உரிமையாளரின் நிலையையும் சொல்ல வேண்டும். அவர் வயதான பெண்மணி. ஜெனரல் காண்ட்ராக்டருக்கு முழுப் பணமும் கொடுத்துவிட்டிருந்தார். தபாலைப் பிரித்ததும் என்னைத் தொலைபேசியில் அழைத்து, நான் யாருக்கும் பாக்கி வைக்கவில்லையே அம்மா என்ற பொருள்படச் சொன்னார். குரல் நடுங்கியது. எனக்கும் நெஞ்சு கனத்தது. அவர் தவறு எதுவும் செய்யவில்லை. ஆனால் எங்கள் உழைப்பு அவர் வீட்டுச் சுவருக்குள் இருக்கிறது. அதற்கான கூலி நடுவில் நின்றுவிட்டது. பிப்ரவரியில் நான் அனுப்பிய நோட்டீஸைத் தேடி எடுக்கச் சொல்லி, அதில் விடுவிப்புத் தாளைப் பற்றி எழுதியிருந்த பகுதியைப் படித்துக் காட்டினேன். காண்ட்ராக்டரிடம் அவர் பேச வேண்டிய பேச்சு என்ன என்பதும் அதிலிருந்தே அவருக்குக் கிடைத்தது. வீட்டுக் கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்ற அவர் ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தார். சொத்தின் பதிவுகளைச் சரிபார்க்கும் டைட்டில் நிறுவனத்தின் அறிக்கையில் எங்கள் லியன் வந்து நின்றது. அது தீராமல் புதிய கடன் நகராது என்று ஆனது. தொலைபேசியை எடுக்காமல் இருந்த ஜெனரல் காண்ட்ராக்டர், அறிக்கை வந்த மூன்றாம் நாள் தானே அழைத்தார்.

வந்தவர் காசோலையோடு நிபந்தனை இல்லாத இறுதி விடுவிப்புத் தாளையும் கொண்டுவந்தார். நான் நிபந்தனை உள்ள தாளில் மட்டும் கையெழுத்திட்டேன். காசோலை வரவான பிறகு மற்றதையும் தந்து, லியன் விடுவிப்பு ஆவணத்தையும் பதிவு செய்தேன். ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் கணக்கு தீர்ந்தது. அப்படித் தீராமல் இருந்திருந்தால் செப்டம்பர் 5ஆம் தேதிக்குள் நீதிமன்றத்துக்குப் போயிருக்க வேண்டும். பதிவு செய்த 90 நாளுக்குள் வழக்குத் தொடராவிட்டால் லியன் செல்லாமல் போய்விடும் என்பது 8460ஆம் பிரிவு. வழக்குத் தொடர்ந்த 20 நாளுக்குள் அதற்கான அறிவிப்பையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். இந்த 90 நாளைச் சேவை சரியாகவே எண்ணியது. 60ஆம் நாளும் 75ஆம் நாளும் மின்னஞ்சல் வரும்படி அமைந்திருந்தது. பதிவு செய்துவிட்டால் போதும், லியன் காலமெல்லாம் நிற்கும் என்று நினைத்து இழந்தவர்களை நான் அறிவேன் என்பதால் இந்த நினைவூட்டலை மதிக்கிறேன். செல்லாமல் போன லியனை விடுவிக்க மறுத்தால், உரிமையாளர் நீதிமன்றத்தில் மனுப்போட்டு அதை நீக்கலாம். வழக்குச் செலவும் நம் தலையில் விழும். அதையும் அந்த மின்னஞ்சலில் சொன்னால் நன்றாக இருக்கும்.

இன்னும் இரண்டு குறைகள். நகர நூலகம் ஒன்றின் வேலையை நான் உள்ளிட்டபோதும் லியன் ஆவணம் தயாரிக்கலாம் என்றே இந்தச் சேவை காட்டியது. அரசு நிலத்தின் மீது லியன் போட முடியாது. அங்கே பணத்தை நிறுத்திவைக்கக் கோரும் நோட்டீஸும், 25,000 டாலருக்கு மேற்பட்ட பொதுப்பணிகளுக்கு ஜெனரல் காண்ட்ராக்டர் கொடுத்திருக்க வேண்டிய பேமெண்ட் பாண்டு என்ற உத்தரவாதப் பத்திரமும்தான் வழி. மற்றொன்று, உரிம எண்ணைக் கேட்கிறார்களே தவிர, மாநில ஒப்பந்தக்காரர் உரிம வாரியத்தின் தளத்தில் அதைச் சரிபார்ப்பதில்லை. உரிமம் தேவைப்படும் வேலையை உரிமம் இல்லாமல் செய்தவர் கலிஃபோர்னியாவில் கூலி கேட்டு வழக்கே தொடர முடியாது. அவருக்கு லியன் ஆவணம் விற்பது காசை வீணாக்கச் செய்வதுதான்.

பணம் செலவழிக்காமல் செய்ய விரும்புபவர்களுக்கும் வழி உண்டு. சேக்ரமெண்டோ கவுண்டி பொதுச் சட்ட நூலகம் முன்னறிவிப்பு நோட்டீஸ், லியன், விடுவிப்பு ஆகியவற்றுக்கான படிவங்களையும் படிப்படியான விளக்கங்களையும் தன் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மொழி எளிது, கெடுக்களும் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. யூனியன் சிட்டி விஷயத்தில் 30 நாள் கணக்கை நான் உறுதிப்படுத்திக்கொண்டதே அந்த விளக்கத்தைப் படித்துத்தான். ஆண்டுக்கு இரண்டு மூன்று வேலை செய்பவருக்கு அதுவே போதும். எங்களைப் போல மாதம் நான்கைந்து புது வேலை தொடங்குபவருக்கு, உரிமையாளரையும் வங்கியையும் தேடும் உழைப்பைக் கணக்கிட்டால் 39 டாலர் நியாயமான விலைதான்.

லியனே போட வேண்டிய நிலை வந்தால் இந்தச் சேவைக்கு 395 டாலர் கொடுப்பதைவிட, கட்டுமானச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் கேட்டுக்கொள்வதே மேல் என்பது என் முடிவு. அங்கே தொகை, தேதி, கட்டுமானம் எந்த நாளில் முடிந்ததாகக் கொள்வது என்ற கேள்வி எல்லாம் எழும். ஆள் வேலையை விட்டுப் போய் 60 நாள் தொடர்ந்து பணி நின்றிருந்தாலும் சட்டப்படி அது முடிந்ததாகிவிடும். அதைத் திரையில் உள்ள கட்டங்கள் கேட்பதில்லை.

இந்த ஆண்டு சந்தாவைப் புதுப்பித்தபோது நோட்டீஸையும் விடுவிப்புத் தாள்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு, லியன் திட்டத்தை விட்டுவிட்டேன். வேலை முடிந்த ஒவ்வொரு மனைக்கும் உரிமையாளர் பெயரைக் கவுண்டி அட்டவணையில் தேட, என் நாட்காட்டியில் ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். சென்ற திங்கட்கிழமை தேடியதில் நியூவார்க் வேலைக்கு முடிவு அறிவிப்பு பதிவாகியிருந்தது. அதற்கான பாக்கி 2,150 டாலர் என்று அன்றே இன்வாய்ஸை மீண்டும் அனுப்பினேன், வியாழக்கிழமை பணம் வந்துவிட்டது.